வீட்டில் என்ன இருக்கிறது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

தியானப் பகுதி: 2 அரசர்கள் 4:1-7

  

கணவனை இழந்த ஒரு பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் கதறிக்கொண்டு வருகிறார். இறந்துபோன கணவர் ஆண்டவருக்கு அஞ்சி வாழ்ந்த மனிதர்தான், இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் கடன் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடன் கொடுத்தவன் இப்போது வாசலுக்கு வருகிறான். அவனுக்கு வேண்டியது மாடோ நிலமோ அல்ல. அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு போக வருகிறான்.

பக்தியுள்ள குடும்பத்துக்கும் கடன் வரும் என்பதைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. பெரியவர்கள் வாங்கிய கடன் கடைசியில் பிள்ளைகளின் தலையில் போய் விடியும் என்பதையும் மறைக்கவில்லை.

இது நமக்குப் புதிய கதையும் அல்ல. குடியாத்தம், வேலூர் பக்கத்தில் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு, அந்தக் கடன் தீரும்வரை பிள்ளைகளைப் பீடி சுற்ற உட்கார வைத்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. இன்று யாரும் வந்து பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் பிள்ளை, "அப்பாவுக்குக் கடன் இருக்கு" என்ற ஒரே காரணத்துக்காக, மறுநாள் காலை ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள் என்றால், அந்த வீட்டு வாசலுக்கும் கடன்காரன் வந்து போய்விட்டான் என்றுதான் அர்த்தம்.

அன்பார்ந்தவர்களே, கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நம் பகுதியில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது டேனரியாலும் ஷூ கம்பெனியாலும்தான். விரும்பிப் போகிற வேலை வேறு, கடனுக்காகப் போகிற வேலை வேறு.

இன்று நான் பேச விரும்புவது ஒரு குறிப்பிட்ட கடனைப் பற்றி. கிரெடிட் கார்டு கடன். கோவிலில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். என்னைப் பேச வைத்தது ஒரு குடும்பம். இது நான் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது அல்ல. அவர்களே சொல்லச் சொன்னது. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

அவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். மனைவி இன்னொரு கம்பெனியில் தையல். ஒருநாள் கம்பெனி கேட் அருகே ஏஜென்ட் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்து கார்டு கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கட்டணம் இல்லை என்றார். இவர் கையெழுத்துப் போட்டார். முதலில் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அது நியாயமான செலவு. பிறகு ஒரு ஃபோன். பிறகு மைத்துனன் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சீர். ஓ.டி. கிடைத்தவரை கட்டிக்கொண்டு வந்தார். ஆர்டர் குறைந்தது, ஓ.டி. நின்றது. அன்று முதல் பில்லில் இருக்கிற பெரிய தொகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே இருக்கிற சின்னத் தொகையை மட்டும் கட்ட ஆரம்பித்தார். முதல் கார்டுக்குக் கட்ட இரண்டாவது கார்டு. இரண்டாவதற்குக் கட்டத் தண்டல். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிறு திருப்பலிக்கு வருவதும் நின்றுவிட்டது.

ஒரு மாலை குருமனைக்கு வந்தார். "ஃபாதர், மாசா மாசம் தவறாம கட்டுறேன். ஆனா கடன் அப்படியே இருக்கு. எங்க போவுதுன்னே தெரியல" என்றார்.

எங்கே போகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் மனத்துக்குள் போட்டுப் பாருங்கள். கார்டில் பாக்கி 40,000 ரூபாய். மாத வட்டி மூன்றரை சதவீதம். அதாவது 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 252 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,652. அவர் கட்டிய குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், 2,000 ரூபாய். அந்த இரண்டாயிரத்தில் அசலில் கழிந்தது வெறும் 348 ரூபாய். இந்த வேகத்தில் போனால், ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவு செய்யாமல் இருந்தாலும், பாதிக் கடன் தீரவே ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

நம் ஊரில் ஒருவர், "மூணு வட்டிக்கு வாங்கியிருக்கேன்" என்று சொன்னால் நாம் பதறிப்போவோம். "ஐயோ, மூணு வட்டியா, குடும்பம் தாங்குமா?" என்போம். அதே ஆள் கார்டில் மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அது ஆண்டுக்கு 42 சதவீதம். பிளாஸ்டிக் அட்டையில் வருவதால் நமக்கு அது வட்டியாகவே தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் 2003-ல் வந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. கார்டு விஷயத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி விகிதத்தில் நமக்குக் காவலாக இருப்பது நம் விவேகம்தான்.

இப்போது எலிசாவிடம் திரும்புவோம். அந்தத் தாய் கதறியபோது அவர் என்ன செய்தார்? கடன்காரனைச் சபிக்கவில்லை. பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் எண்ணெய்தான் இருக்கிறது என்றார் அந்தப் பெண். அக்கம்பக்கத்தாரிடம் காலிப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், அதுவும் நிறைய வாங்கச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மகன்களோடு சேர்ந்து ஊற்றச் சொன்னார். மகன்கள் பாத்திரம் எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றினார். பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்த்துவிட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் வாழுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஏழே வசனங்கள். ஆனால் கடனிலிருந்து வெளியே வருகிற வழி முழுவதும் அதில் இருக்கிறது.

முதலாவது, அவர் வாய் திறந்து சொன்னார். கடன் இருட்டில் வளர்கிறது. நாம் மறைக்கிற ஒவ்வொரு மாதமும் அதற்கு உரம். நம் சூப்பர்வைசர் அன்று இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "ஏங்க, இதைத் தலையில வச்சிக்கிட்டா இத்தனை நாள் பக்கத்துல படுத்திருந்தீங்க?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் தனக்கு அழுகையே வந்தது என்றார். கணவன்மார்களே, மனைவிமார்களே, உங்கள் துணையிடம் மறைத்த கடன் ஏதாவது இருந்தால் இன்று இரவே சொல்லிவிடுங்கள். திருமணத்தில் இன்பத்திலும் துன்பத்திலும் துணையிருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். கடனும் துன்பத்தில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது, வீட்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கு. அந்த வீட்டில் கணக்கு எழுதியது மகள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டாள். யாருக்குத் தர வேண்டும், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. அடுத்த பக்கத்தில் வருமானம், அரிசி, வாடகை, கரண்ட் பில், பஸ். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் பயந்தது ஒரு தொகைக்கு, உண்மையில் இருந்தது இன்னொரு தொகை. பயம் எப்போதும் கூட்டித்தான் காட்டும். "ஒன்றுமில்லை" என்று சொன்ன வீட்டிலும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. இவர்கள் வீட்டில் ஒரு நெக்லஸ் இருந்தது. தாலி அல்ல, பீரோவில் இருந்தது. அதை விற்றுத் தண்டலை முதலில் அடைத்தார்கள். வட்டி அதிகமாக இருப்பதை முதலில் அடைக்க வேண்டும். மற்றவற்றுக்குத் தேதி தவறாமல் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவர வேண்டும், இல்லாவிட்டால் அபராதமும் சேரும்.

சிலர் நகையை வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைக்கிறார்கள். வங்கி நகைக் கடனின் வட்டி கார்டு வட்டியைவிட மிகக் குறைவு, ஆகவே கணக்கு சரிதான். ஆனால் அடைத்த கார்டை அன்றே வெட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகையும் அடகில், கார்டிலும் கடன் என்று ஆகிவிடும்.

மூன்றாவது, காலிப் பாத்திரங்கள். எலிசா பக்கத்து வீட்டாரிடம் பணம் கேட்கச் சொல்லவில்லை. அவர்களிடம் சும்மா கிடக்கிற பாத்திரத்தைக் கேட்கச் சொன்னார். இந்தக் குடும்பத்தின் அன்பியத்தில் ஒரு வீட்டில் மோட்டார் பொருத்திய தையல் மெஷின் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. அதைக் கொடுத்தார்கள். அந்த அம்மா சனிக்கிழமை இரவும் ஞாயிறு மதியமும் பிளவுஸ் தைத்தார். வின்சென்ட் தே பவுல் சபையினர் மகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினார்கள். இன்னொரு வீட்டார் ஒன்றும் கொடுக்கவில்லை. விசேஷத்துக்கு மொய் எழுதாமல் வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தார்கள். அதுவும் ஒரு காலிப் பாத்திரம்தான்.

நான்காவது, கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து. உதவி கேட்டாயிற்று, இனி ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் புதுத்துணி இல்லை. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த போனஸ் அப்படியே கார்டுக்குப் போனது. காரணம் தெரிந்ததால் பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை.

ஐந்தாவது, வரிசை. முதலில் கடன், மீதியில் வாழ்க்கை. நாம் செய்வது தலைகீழ். வாழ்ந்தது போக மீதியைக் கடனுக்கு என்போம். மீதி இருக்காது. அதே 40,000 ரூபாய்க்கு மாதம் 2,000 அல்ல, சம்பளம் வந்த அன்றே 5,000 எடுத்து வைத்தால் பத்தே மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டுவது 50,000-க்குள். ஆறு ஆண்டில் பாதி எங்கே, பத்து மாதத்தில் முழுவதும் எங்கே! ஐயாயிரம் முடியாதவர்கள் மூவாயிரமாவது கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையைவிடக் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அசலில் போய் விழுகிறது.

இன்னும் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாக்கி இருக்கும்போது அதே கார்டில் புதிதாக வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை வைத்து ஏ.டி.எம்.-இல் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்குமேல் கட்டணம். ஆகவே கடன் தீரும்வரை கார்டு பர்ஸில் இருக்க வேண்டாம். பாக்கி முழுவதும் கட்டியபின் கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி. பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் ஃபோன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, உறவினர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதிலில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் பட்டவனுக்கும் மாண்பு உண்டு. அவனும் கடவுளின் சாயல்தான்.

அதேபோல், வாங்கியதைக் கட்ட வேண்டும் என்பதிலும் திருச்சபைக்குச் சந்தேகம் இல்லை. கடனைத் திருப்பிச் செலுத்துவது நீதியின் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2411-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. எலிசாவும் கடனைக் கட்டத்தான் சொன்னார். ஆனால் ஏழையின் அவசரத்தில் லாபம் பார்ப்பதையும் திருச்சபை சும்மா விட்டதில்லை. 1745-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வட்டிக் கொடுமையைக் கண்டித்து ஒரு சுற்றுமடலே எழுதினார். அதற்கும் முன்பு, 1462-ல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால், ஏழைகள் பொருளை அடகு வைத்துக் குறைந்த செலவில் கடன் பெறும் நிலையம் தொடங்கியது. கண்டித்ததோடு நிற்காமல் மாற்று வழியும் காட்டினார்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் சம்பளம் நம் ஊரில் முடிவாவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆம்பூரில் டீக்கடை வரைக்கும் ஆர்டரைப் பற்றித்தான் பேச்சு. ஓ.டி. எப்போதும் வரும் என்று நம்பி வாங்குகிற கடன், கடல் தாண்டி யாரோ எடுக்கிற முடிவை நம்பி வாங்குகிற கடன். அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓ.டி. வந்தால் அது கடன் அடைக்க, இல்லையென்றால் சேமிக்க.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் மறையுரையை முடித்தால் நான் நேர்மையானவன் அல்ல. அந்தச் சூப்பர்வைசரின் நோட்டில் மகள் எழுதிய செலவுகளில் ஒரு வரி, "திருவிழா சீரியல் லைட் உபயம்." அதையும் கார்டில்தான் எடுத்திருக்கிறார். அந்த ஆண்டு நவநாளில் பீடத்தின் முன்னால் நின்று அவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசித்து நன்றி சொன்னவன் நான். மக்கள் கைதட்டினார்கள். "ஏம்ப்பா, கடன் வாங்கி ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டேன். "முந்தின வருஷம் கொடுத்தேன் ஃபாதர். இந்த வருஷம் பேர் வரலன்னா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றரை வட்டியில் எரிந்த விளக்கு வெளிச்சத்தில் நான் தேர் மந்திரித்திருக்கிறேன். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் பாராட்டினார், ஆனால் அவள் பெயரை யாரும் அங்கே உரக்க வாசிக்கவில்லை. பங்குப் பேரவையில் இதைப் பேசினோம். இப்போது எங்கள் பங்கில் உபயதாரர் பெயரோடு தொகையை வாசிப்பதில்லை. கடன் உள்ள வீட்டார் திருவிழாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். மற்றப் பங்குகளிலும் இதை யோசியுங்கள். கடன் வாங்கிக் கொடுக்கும் காணிக்கையை ஆண்டவர் கேட்கவில்லை.

அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது? முதல் கார்டு முடிந்துவிட்டது. வெட்டிய இரண்டு துண்டையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இரண்டாவது கார்டில் இன்னும் பாக்கி உண்டு. எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் அவர்கள் தெருவில் நிற்கும்போது, அவள் அதற்கு எதிர்ப்பக்கம் நின்று டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகத் திருப்பலிக்கு வருகிறார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் டி.வி.யைப் போடாமல் ஒரு நோட்டை எடுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் உட்காருங்கள். எலிசா கேட்ட கேள்வியை ஒருவரையொருவர் கேளுங்கள். கடன் இல்லாத வீட்டார் இன்னொரு கேள்வி கேளுங்கள்: பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க நம்மிடம் எந்தப் பாத்திரம் காலியாகக் கிடக்கிறது?

மன்றாடுவோமாக. கைம்பெண்ணின் கண்ணீரைக் கண்ட ஆண்டவரே, கடன் சுமையால் தலைகுனிந்து நடக்கிற எங்கள் சகோதர சகோதரிகளைப் பாரும். மறைத்ததைச் சொல்லத் துணிவும், கணக்கை எழுதத் தெளிவும், ஒவ்வொரு மாதமும் கட்டப் பொறுமையும் தாரும். எங்கள் பிள்ளைகள் எங்கள் கடனுக்கு விலையாகாதபடி காத்தருளும். கொடுக்கிறவர்களுக்கு இரக்கத்தையும், அக்கம்பக்கத்தாருக்குத் திறந்த மனத்தையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.